கையில் காசு குறைந்த காலத்தில் மட்டக்களப்பில் சாப்பாட்டுக்கடை தொடங்குவது எப்படி

"சாப்பாட்டுக்கடை ஒன்று போட யோசிக்கிறேன், இந்த நேரத்தில் சரிவருமா?" என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வேலை போனவர்கள், வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்தவர்கள், கணவருடைய உழைப்பு வீட்டுச் செலவுக்குக் காணாத அக்காமார் என்று பலவகை ஆட்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் தொடங்கியது 2022 இல், கல்லடியில் வீட்டுக் குசினியில் இருந்து முப்பது பார்சலுடன். அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சித்திரையில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, காஸ் சிலிண்டருக்கு விடியற்காலையில் இருந்து வரிசை, பெற்றோலுக்குக் கியூஆர் கோட், செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். வீட்டில் சமைக்க அடுப்பே எரியாத நேரத்தில் விற்பதற்குச் சமைக்கப் போகிறாயா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருந்தது. காஸ் இல்லாத வீடுகளில் மத்தியானம் சாப்பிட ஒரு பார்சல் தேவைப்பட்டது.

இப்போது வரிசை இல்லை. ஆனால் விலை ஏறிய வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. மாதச் சம்பளக்காரர் இருபதாம் திகதிக்குப் பிறகு மீன் பார்சலை விட்டு முட்டைப் பார்சலுக்கு வருவதை நான் இன்றும் பார்க்கிறேன். ஆகவே நெருக்கடிக் காலக் கணக்கை மனதில் வைத்தே தொடங்குங்கள். முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பார்த்தவரைக்கும் இந்தப் பக்கத்தில் மூடப்பட்ட கடைகளில் பாதிக்கு மேல் ஆள் வராமல் மூடப்பட்டவை இல்லை. பின்னேரம் கிடாரத்தில் மிஞ்சிய சோறும், வாடகையும், வட்டியும்தான் அவற்றை மூடின. கீழே எழுதியிருக்கிற ஒவ்வொரு படியும் இந்த மூன்றையும் குறைப்பதற்குத்தான்.

முதல் படி: ஒரு நேரத்தை மட்டும் எடுங்கள்

காலையில் இடியப்பம், பிட்டு, மத்தியானம் சோறு கறி, பின்னேரம் வடை, ரோல்ஸ், இரவு கொத்து, பராட்டா என்று எல்லாவற்றையும் பலகையில் எழுத ஆசை வரும். எழுத வேண்டாம். ஒவ்வொரு நேரமும் ஒரு தனிக்கடை மாதிரி. அதற்கு வேறு ஆள், வேறு சாமான், வேறு மிச்சம். கொத்துப் போடத் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைத்தால் அவருடைய நாட்சம்பளம் மட்டுமே உங்கள் மத்தியான லாபத்தைத் தின்றுவிடும், அதோடு கை தேர்ந்தவர்கள் கிடைப்பதும் கஷ்டம். 2022 ஆம் ஆண்டு மட்டும் இலங்கையில் இருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள், அதில் நம் ஊர்ச் சமையல்காரர்களும் எத்தனையோ பேர்.

எனக்குத் தெரிந்து புதியவருக்கு மத்தியானச் சாப்பாடுதான் பாதுகாப்பானது. கந்தோர்கள், வங்கிகள், பாடசாலைகள், போதனா வைத்தியசாலை, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம் என்று ஒரே நேரத்தில் பசிக்கிற கூட்டம் மத்தியானத்துக்குத்தான் இருக்கிறது. இரண்டு மணித்தியாலத்தில் விற்று முடித்துவிடலாம், மேசை கதிரையும் தேவையில்லை. காலைச் சாப்பாடு செய்ய விரும்பினால் இடியப்பத்தை நீங்களே பிழியாதீர்கள். உங்கள் தெருவிலேயே வீட்டில் அவித்துக் கொடுக்கிற பெண்கள் இருப்பார்கள், எண்ணிக்கைக்கு வாங்கி, சொதியும் சம்பலும் மட்டும் நீங்கள் வையுங்கள். அவர்களுக்கும் வருமானம், உங்களுக்கும் விடியச்சாமம் எழும்புகிற வேலை மிச்சம்.

இரண்டாம் படி: ஒரு பார்சலின் கணக்கு

இதைச் செய்யாமல் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். கொப்பி, பேனை, ஒரு தராசு எடுத்துக்கொண்டு இருங்கள். தராசு வாங்க யோசிக்காதீர்கள், கடையில் எனக்கு அதிகம் காசு மிச்சம் பிடித்துத் தந்த சாமான் அதுதான்.

ஒரு கிலோ அரிசி வடித்தால் ஏறத்தாழ 2.7 கிலோ சோறு வரும், அரிசியின் இனத்தைப் பொறுத்துக் கூடிக் குறையும். பார்சலுக்கு 350 கிராம் வைத்தால் ஏழு பார்சல், கொஞ்சம் மிச்சம். மீன் ஒரு கிலோ வாங்கினால் தலை, குடல், செதில் போகச் சட்டிக்குள் போவது 650 கிராம்தான். இதை மறந்துவிட்டுத்தான் நிறையப் பேர் கிலோ விலையைத் துண்டுகளால் பிரித்து, லாபம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

கணக்கு விளங்குவதற்கு ஒரு எடுத்துக்காட்டு வைக்கிறேன், விலைகளை உங்கள் சந்தை விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அரிசி 33 ரூபாய், மீன் துண்டு 100, பருப்பும் இரண்டு மரக்கறியும் 60, தேங்காய் எண்ணெய் தூள் எல்லாம் சேர்த்து 45, சுற்றுகிற தாள் 12, எரிபொருள் 20. மொத்தம் 270. இதற்கு மேல் வாடகை, சம்பளம், கரண்ட், தண்ணீர் என்று ஒரு நாளைக்கு 6000 ரூபாய் போகிறது என்று வைப்போம். பார்சல் 400 ரூபாய்க்கு 80 பார்சல் விற்றால் 32,000 வரும், சாமானுக்கு 21,600, நாட்செலவு 6000, கையில் 4400.

அதே 80 பார்சலைச் சமைத்துவிட்டு 70 தான் விற்றது என்றால்? வருவது 28,000, செலவு அதே 27,600. கையில் 400 ரூபாய். பத்துப் பார்சல் மிஞ்சியதில் ஒரு நாள் உழைப்பே போய்விட்டது. 70 மட்டும் சமைத்து 70 ஐயும் விற்றிருந்தால் 3100 ரூபாய் வீட்டுக்கு வந்திருக்கும். இந்த மூன்று கணக்கையும் நான் குசினிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். "முடிஞ்சு போச்சு அண்ணா, நாளைக்குக் கொஞ்சம் வெள்ளண வாங்க" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். முடிந்துபோகிற கடைக்கு அடுத்த நாள் ஆள் நேரத்தோடு வருவார்கள்.

சாமான் விலை ஏறினால் என்ன செய்வது? சோற்றைக் குறைக்காதீர்கள். நம் சனம் மீன் துண்டு சிறுத்ததைக் கூடப் பொறுக்கும், பார்சலைக் கையில் தூக்கும்போதே சோறு குறைந்தது தெரிந்துவிடும், பிறகு அந்தப் பக்கம் வராது. அதற்குப் பதிலாக மூன்று வகை வையுங்கள்: மீன், முட்டை, மரக்கறி. மாதக் கடைசியில் மீனைக் குறைத்து முட்டையைக் கூட்டுங்கள். தேங்காய் விலை 2025 தொடக்கத்தில் 200 ரூபாயைத் தாண்டியபோது நாங்கள் பால்கறிகளை இரண்டில் இருந்து ஒன்றாக்கி, மற்றதைச் சுண்டலாகவும் பொரியலாகவும் மாற்றினோம். ஒருவரும் குறை சொல்லவில்லை.

மூன்றாம் படி: காசு எங்கே இருந்து

உங்களிடம் இருக்கிற மொத்தக் காசை இரண்டாகப் பிரியுங்கள். பாதிக்கு மேல் அடுப்பு, பாத்திரம், முற்பணம் என்று போடவே கூடாது. மற்றப் பாதி, முதல் மூன்று மாதம் கடை நட்டத்தில் ஓடினாலும் சாமான் வாங்குவதற்கு. பாதிக் காசில் கடை போட முடியவில்லை என்றால் கடை பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம், வீட்டில் இருந்தே தொடங்குங்கள்.

கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து அறவிடுகிற நுண்கடனை இதற்கு எடுக்கவே வேண்டாம். நம் மாவட்டத்தில் அந்தக் கடன் எத்தனை பெண்களை ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று இழுத்துக்கொண்டு போனது என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கு மிக நெருக்கமான ஒருவர் அதனால் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். சாப்பாட்டுக்கடையின் முதல் மாதங்களில் வருமானம் ஒரு கிழமை வரும், ஒரு கிழமை வராது. தவணையோ எல்லாக் கிழமையும் வரும். நகை அடகு வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், திரும்ப விற்கக்கூடிய சாமானுக்கு மட்டும் வையுங்கள், பெயின்ற் அடிக்கவும் பலகை எழுதவும் வைக்காதீர்கள்.

சாமான்களைப் புதிதாக வாங்க வேண்டாம். கஷ்ட காலத்தில் மூடிய கடைகளின் கிடாரம், தாச்சி, கண்ணாடி அலுமாரி, காஸ் அடுப்பு எல்லாம் பாதி விலைக்கும் குறைவாக வரும். குளிர்சாதனப் பெட்டியை மட்டும் பழையதாக வாங்குவதென்றால் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய பெட்டி இழுக்கிற கரண்டுக்கு மாதாமாதம் அழ வேண்டிவரும். 2022 ஆவணியிலும் 2023 மாசியிலும் மின்கட்டணம் அடுத்தடுத்து ஏறியபோது எங்கள் பழைய பெட்டியை விற்றுவிட்டு, மீனை அன்றன்றைக்கு வாங்கத் தொடங்கினோம், இன்றும் அப்படித்தான். வாவியும் கடலும் பக்கத்தில் இருக்கிற ஊரில் மீனை ஏன் பெட்டிக்குள் அடைத்து வைக்க வேண்டும்?

அடுப்பு இரண்டு வகை இருக்கட்டும். காஸ் ஒன்று, விறகு ஒன்று. 12.5 கிலோ சிலிண்டர் 2022 இல் 4900 ரூபாயைத் தாண்டியது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் தாக்குப்பிடித்த கடைகள் எல்லாம் பின்வளவில் விறகு அடுப்பு வைத்திருந்த கடைகள். நெல் ஆலைகள் நிறைந்த ஊர் இது, உமி அடுப்பும் நல்ல யோசனை. புகைக்கூடு உயரமாகக் கட்டுங்கள், பக்கத்து வீட்டுக்காரருடைய முறைப்பாடு வந்த பிறகு கட்டினால் இரட்டைச் செலவு.

நான்காம் படி: இடம்

இடம் பார்க்கப் போவதென்றால் கார்த்திகை, மார்கழியில் போங்கள். வெயில் காலத்தில் எல்லாக் கடையும் நல்ல கடையாகத்தான் தெரியும். நாங்கள் வீட்டை விட்டு முதல் எடுத்த கடையை ஆடி மாதத்தில் பார்த்து, ஆறு மாத முற்பணம் கொடுத்து எடுத்தோம். வடகீழ்ப் பருவமழை வந்ததும் முன்னால் உள்ள வடிகான் நிரம்பி முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தது, இரண்டு மூட்டை அரிசி போயிற்று. உரிமையாளருக்கு அது முதலே தெரிந்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆகவே பக்கத்துக் கடைகளில் ஒரு பிளேன்ரீ குடித்துக்கொண்டே மழைக்குத் தண்ணீர் எதுவரை வரும் என்று கேளுங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகையைப் பொறுத்தவரை நான் வைத்திருக்கிற அளவு ஒன்று: மாத வாடகை மூன்று நாள் விற்பனையைத் தாண்டக்கூடாது. பிரதான வீதியில் பளபளப்பான கடையை விட, கந்தோர்களுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் சின்ன இடம் போதும். பார்சலுக்கு வருகிறவர் கடையின் முகத்தைப் பார்த்து வருவதில்லை, தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்து வாங்கிக்கொண்டு போகிறவர். ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதி, முற்பணம் எப்போது எப்படித் திரும்பும் என்பதையும் அதில் போடுங்கள்.

ஐந்தாம் படி: பத்திரங்கள்

இது நினைக்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். பிறகு உங்கள் இடத்தைப் பொறுத்து மாநகர சபையிலோ நகர சபையிலோ பிரதேச சபையிலோ வியாபார அனுமதிப்பத்திரம், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடத்தை வந்து பார்ப்பார். அவர் வருவதற்குக் காத்திராமல், சுவரில் ஒரு ஆணி அடிக்க முதல் நீங்களே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் அவரைச் சந்தித்து, குசினி எப்படி இருக்க வேண்டும், கழிவுநீர் எங்கே போக வேண்டும், தண்ணீருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கட்டின பிறகு உடைப்பதை விட இது லேசு. சமைக்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் மருத்துவப் பரிசோதனை செய்து அந்தப் பத்திரத்தைக் கடையில் வைத்திருக்க வேண்டும்.

வேலைக்கு ஆள் வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 வீதம், உங்கள் பக்கத்தில் இருந்து 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் பக்கத்தில் இருந்து இன்னொரு 3 வீதம். அந்த 15 வீதத்தையும் நாட்செலவுக் கணக்கில் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். வெயிலிலும் புகையிலும் நிற்கிறவருடைய காசு அது.

ஆறாம் படி: ஊரின் நாட்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள்

வேறு ஊர்களில் கடை நடத்தினவர்கள் இங்கே வந்து சறுக்குவது பெரும்பாலும் இதில்தான். மட்டக்களப்பில் ஒரே வீதியில் ஐந்து கிலோமீற்றர் போனால் சாப்பிடுகிற பழக்கம் மூன்று தரம் மாறும்.

வெள்ளிக்கிழமை சைவ வீடுகளில் மீன் இல்லை, பலருக்குச் செவ்வாயும் இல்லை. அன்றைக்கு மரக்கறியை நன்றாகச் செய்யுங்கள், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, கீரை, வாழைக்காய்ப் பொரியல், மோர்மிளகாய், கூடவே நம் ஊர் எருமைத் தயிர் சின்னக் கப்பில். மரக்கறி பார்சல்தானே என்று ஏனோதானோவென்று செய்கிற கடைகள் அதிகம், அதனாலேயே வெள்ளிக்கிழமையில் நன்றாகச் செய்கிறவருக்கு இடம் இருக்கிறது. பாத்திரமும் அகப்பையும் மச்சத்துக்கு வேறு, மரக்கறிக்கு வேறு என்று வையுங்கள். விரதகாரர் அதைப் பார்த்துத்தான் வருவார். கந்தசஷ்டி, புரட்டாசிச் சனி, ஆடி அமாவாசையில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம், கத்தோலிக்கருக்குத் தவக்கால வெள்ளிகள் எல்லாவற்றையும் முதலே குறித்து வையுங்கள். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கம் கடை என்றால் நோன்பு மாதத்தில் பகல் வியாபாரம் இல்லை, பின்னேரக் கஞ்சியும் சிற்றுண்டியும்தான். முஸ்லிம் வாடிக்கையாளர் வருகிற இடம் என்றால் கோழியை ஹலால் கடையில் வாங்குங்கள், அதைச் சொல்லியும் வையுங்கள், மறைத்து ஒன்றும் செய்ய வேண்டாம்.

பாடசாலை விடுமுறை, போயா, ஞாயிறு, எல்லாம் விற்பனையைப் பாதியாக்கும். மாரியில் கடல் கொந்தளித்தால் மீன் விலை ஏறும், அந்த நாட்களில் கருவாட்டுக் குழம்பும் முட்டையும் கைகொடுக்கும். மாறாக, வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்களுக்கு மொத்தமாகப் பார்சல் கேட்பார்கள். ஒரு போடியாரிடமோ (பெரிய வயல்காரர்) வெட்டு மெஷின்காரரிடமோ முதலே பேசி வைத்தால் மூன்று நான்கு கிழமைக்கு நிச்சயமான விற்பனை, அதிலும் சோறு கூடுதலாக வேண்டும், உறைப்பு கூடுதலாக வேண்டும்.

ஏழாம் படி: சுத்தமும் மிச்சமும்

ஒரு தரம் ஒருவருக்கு வயிற்றைக் குழப்பினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மிஞ்சிய சோற்றை இளஞ்சூட்டில் மூடி வைத்து இரவு சூடாக்கி விற்கிற பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். சோற்றில் வளர்கிற ஒருவகைக் கிருமி உண்டாக்குகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சோறு ஒன்றில் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், அல்லது குளிரூட்டியில் இருக்க வேண்டும், நம் ஊர் வெக்கையில் இரண்டுக்கும் நடுவில் வைக்கக்கூடாது. கிணற்றுத் தண்ணீர் பாவித்தால், விசேஷமாக வெள்ளம் வடிந்த பிறகு, குளோரின் போடாமல் குசினிக்குள் கொண்டுவராதீர்கள்.

அப்புறம் கடன் கொப்பி. நம் ஊரில் கடன் கொடுக்காமல் கடை நடத்த முடியாது, நான் முயன்று பார்த்தேன். ஆனால் எல்லை ஒன்று வைக்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு மட்டும், ஐந்து பார்சல் வரை, சம்பளம் வந்ததும் தீர்க்க வேண்டும். அவருடைய கையாலேயே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மிகவும் கஷ்டப்பட்ட ஒருவர் பசியோடு வந்தால் கொப்பியில் எழுதாதீர்கள், சும்மா கொடுங்கள். எழுதினால் அவரும் கூச்சத்தில் வரமாட்டார், உங்கள் கணக்கும் பொய்யாகும். இதற்கென்று நாளைக்கு இரண்டு பார்சலை நான் செலவிலேயே போட்டுவிடுகிறேன்.

திறக்கிற நாள்

முடிந்தால் மாசியின் நடுப்பகுதியில் இருந்து பங்குனிக்குள் திறவுங்கள். பெரும்போக வேளாண்மை வெட்டி நெல்லுக் காசு ஊரில் புழங்குகிற நேரம், மழையும் விட்டிருக்கும், பாடசாலைகளும் நடக்கும். மாதத்தில் 25 ஆம் திகதிக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது, சம்பளக்காரர் கையில் காசு இருக்கும். திறப்பு விழா, பனர், மைக் ஒன்றும் வேண்டாம். அதற்கு முந்திய வியாழனும் வெள்ளியும் பக்கத்துக் கந்தோர்களுக்குப் பத்துப் பத்துப் பார்சல் இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்து, வாட்ஸ்அப் இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். காலை 9.30 மணிக்குள் சொல்லிவிட்டால் எடுத்து வைப்போம் என்று சொல்லுங்கள். சொல்லி வைத்த எண்ணிக்கை உலை வைக்க முதல் கையில் இருந்தால் மிச்சத்தில் பாதி குறைந்துவிடும்.

முதல் நாள் நாற்பது பார்சலுக்கு மேல் சமைக்காதீர்கள். எத்தனை மணிக்கு முடிந்தது என்று ஒவ்வொரு நாளும் கொப்பியில் எழுதுங்கள். ஒரு கிழமை முழுக்க 12.45 க்கு முன் முடிந்தால் அடுத்த கிழமை ஐந்து கூட்டுங்கள், 1.30 தாண்டியும் இருந்தால் ஐந்து குறையுங்கள். கூட்டுவதாக இருந்தாலும் குறைப்பதாக இருந்தாலும் ஒரு கிழமைக்கு ஐந்துதான்.